இராத்திரியில் கோழிக்கூட்டைப் பாருங்கள்

கோழி முட்டையை நிறுத்திவிட்டால் முதல் ஏச்சு கோழிக்குத்தான். "தீனிக்கு மட்டும் முந்திக்கிட்டு வருது, முட்டையைக் காணோம்" என்பார்கள். கொஞ்ச நாள் பொறுப்பார்கள். பிறகு சம்பள நாள் பார்த்து அது சட்டிக்குப் போய்விடும். பதுளை, பசறை, ஹாலி எல, தெமோதரை, மடுல்சீமை என்று எங்கள் ஊவாத் தோட்டங்களில் எந்த லயத்தில் கேட்டாலும் இந்தக் கதை உண்டு. கொழுந்து எடுத்த கையால் கோழியும் வளர்த்து, முட்டைக் காசில் பிள்ளைகளுக்குக் கொப்பி, பென்சில் வாங்கிக் கொடுத்தவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன். முட்டை நின்ற கோழியைக் குறை சொல்வதற்கு முன், அது இராத்திரி படுக்கிற இடத்தைப் போய்ப் பாருங்கள்.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் என் அம்மாயி. பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்திலும், கூட்டைத் திறந்துவிடும்போது ஒவ்வொரு கோழியின் கொண்டையையும் பார்ப்பார். சிவந்திருந்தால் விட்டுவிடுவார். வெளுத்திருந்தால் அந்தக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாலைத் தூக்கி, அடி இறகை வாயால் ஊதிப் பார்ப்பார். பள்ளிக்கூடத்து வாசல் மிதிக்காதவர்தான். ஆனால் இரத்தம் குறைந்த கோழிக்கு முதலில் கொண்டை வெளுக்கும், அடுத்தது முட்டை நிற்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

தோட்டத்தில் கோழி என்பது வீட்டுப் பெண்ணின் கைக்காசு. சம்பளம் வருவதற்குள்ளேயே கடன், பிடிப்பு என்று பாதி போய்விடும். முட்டைக் காசு நேரே அவள் கைக்கு வரும். 1973, 74இல் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்கள் பட்டினி கிடந்த காலத்தில், ஒரு முட்டையை உடைத்து ரொட்டி மாவில் ஊற்றி நாலு பிள்ளைகளுக்குப் பங்கு வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்ததும் மொனராகலையிலும் மகியங்கனைப் பக்கத்திலும் சோள விளைச்சல் விழுந்தது. அடுத்த வருடம் டொலர் இல்லை. வெளிநாட்டுச் சோளமும் வரவில்லை. கோழித்தீன் விலை ஏறி, சிறு பண்ணைகள் மூடிக்கொண்டன. ஒரு முட்டை 50 ரூபாயைத் தாண்டியது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்தது. ஒரு நாள் சம்பளம் 1000 ரூபாயாக இருந்த வீட்டில், முட்டை கடைப் பொருளாகிவிட்டால் பிள்ளைகளுக்கு அது எட்டாது. அதனால்தான் இந்தச் சின்ன விசயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

உண்மையிலேயே முட்டை நின்றுவிட்டதா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இடும், பிறகு அடைக்கு உட்காரும். 21 நாள் அடை. அதற்குப் பிறகு குஞ்சுகளோடு இரண்டு மாதம் அலையும். இந்தக் கணக்கில் வருடத்துக்கு 40, 50 முட்டை கிடைத்தாலே அது நல்ல கோழி. பண்ணைக் கோழி வருடத்தில் 300 இடுகிறது என்று கேள்விப்பட்டு நாட்டுக்கோழியை ஏசுவது நியாயமில்லை. வருடத்தில் ஒருமுறை பழைய இறகை உதிர்த்துப் புது இறகு முளைக்கிற காலமும் உண்டு. இறகுக்கும் முட்டைக்கும் ஒரே சத்துத்தான் வேண்டும் என்பதால் அந்த நாட்களில் முட்டை வராது. அது நோயில்லை.

இன்னொன்று, சில சமயம் கோழி முட்டை இட்டுக்கொண்டேதான் இருக்கும், நமக்குத்தான் தெரியாது. கூட்டில் இடாமல் லயத்துக்கு மேலே உள்ள மலையில், தேயிலைத் தூருக்கு அடியில் காய்ந்த இலையைக் குழித்து இட்டு வைத்திருக்கும். கவ்வாத்து வெட்டப் போனவர்கள் கூடை நிறைய முட்டை கொண்டு வந்து கொடுத்த கதைகள் நிறைய உண்டு. அந்தக் கோழியைத் திருட்டுக் கோழி என்பார்கள். ஆனால் அது ஏன் வீட்டுக் கூட்டை விட்டுவிட்டு மழையிலும் கீரி நடமாட்டத்திலும் போய் முட்டை இட்டது? பொழுது சாய்ந்தால் தானாகக் கூட்டுக்குள் ஏறுகிற கோழி, கூட்டு வாசலில் நின்று தயங்கி, விரட்டினாலும் போகாமல் கொய்யா மரத்தில் ஏறிக் குந்துகிறதே, அது ஏன்? கூட்டுக்குள் தன்னை இராமுழுக்க எது கடிக்கிறது என்பது கோழிக்குத் தெரியும். அதைச் சொல்ல அதற்கு வேறு வழியில்லை.

பகலில் கூட்டைத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கோழியின் உடம்பைப் பார்த்தாலும் தெரியாது. கடிப்பது சிவப்புப் பேன். அது பகல் பூராவும் பலகை இடுக்கில், ஆணித் துவாரத்தில், மூங்கில் கணுவில், தகரம் ஒன்றோடொன்று மேவுகிற இடத்தில் ஒளிந்துகொண்டு இருக்கும். கோழி உறங்கிய பிறகு வெளியே வந்து, காலில் ஏறி, அரை மணி, ஒரு மணி நேரம் இரத்தம் குடித்துவிட்டுத் திரும்ப இடுக்குக்குள் போய்விடும். எட்டு மணிக்குப் பிறகு டோர்ச் லைட் எடுத்துக்கொண்டு போங்கள். கோழி குந்துகிற கம்பின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அரைத்த மிளகுத்தூளைச் சிந்தியதுபோல் ஒரு கோடு இருக்கும். உற்றுப் பார்த்தால் அது நகரும். வெள்ளைத் துணியால் அந்த இடத்தை அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்பாக இழுபடும். அது உங்கள் கோழியின் இரத்தம். முட்டை ஓட்டில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி இருந்தாலும் இதே சங்கதிதான்.

ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத இந்தப் பூச்சி, சூடான நாட்களில் ஒரு கிழமைக்குள் முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டை இடத் தொடங்கிவிடும். கோழியே இல்லாத வெறும் கூட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பழைய கோழியை அறுத்துவிட்டுச் சந்தையில் புதுக்கோழி வாங்கி அதே கூட்டில் அடைப்பவர்களுக்கு மூன்றாம் மாதம் அதே கஷ்டம் வருவது இதனால்தான்.

எல்லாம் இந்த இராப்பேன் என்றும் சொல்லிவிட முடியாது. பகலிலும் கோழியின் உடம்பிலேயே, முக்கியமாகப் பின்பக்கத்து இறகில், அழுக்கேறிக் கறுத்தாற்போல் மொய்த்துக் கிடக்கிற வகை ஒன்று உண்டு. அதுவும் இரத்தம் குடிப்பதுதான். இறகைப் பிரித்ததும் வைக்கோல் நிறத்தில் குடுகுடுவென்று ஓடுவது இன்னொன்று. அது இறகையும் தோல் பொருக்கையும் தின்னும். இறகின் அடியில் வெள்ளைவெள்ளையாக முட்டையை ஒட்டி வைத்திருக்கும். காலில் செதில் தூக்கி, சுண்ணாம்பு பூசினாற்போல் தடித்துப் போனால் அது தோலுக்குள் குடைகிற வேறொரு சாதி. காலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, தேங்காயெண்ணெயைத் தாராளமாகப் பூசி, சில கிழமைகள் விடாமல் செய்தால் மாறும். மூச்சு முட்டித்தான் அது சாகிறது.

இராப்பேனுக்கு நாங்கள் செய்தது இது. நல்ல வெயில் நாளில் கூட்டைப் பிரித்து வெளியே எடுப்போம். கோழி குந்துகிற கம்பைக் கழற்றுவோம். பழைய சாக்கு, வைக்கோல், முட்டைப் பெட்டிக் குப்பை எல்லாவற்றையும் லயத்துக்குத் தூரத்தில் கொண்டுபோய் எரிப்போம். பலகைக்கும் கம்புக்கும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவோம். ஒவ்வொரு இடுக்கிலும் ஊற்ற வேண்டும், மேலே தெளித்தால் பிரயோசனமில்லை. காய்ந்ததும் சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து, துவாரமெல்லாம் அடைபடும்படி பூசுவோம். ஐந்தாறு நாள் கழித்து மறுபடியும் முதலிலிருந்து. முதல் தடவை தப்பின முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும், அதனால் இரண்டாம் தடவையை விட்டால் முதல் தடவை செய்ததும் வீண். பந்தம் கொளுத்திக் கூட்டைச் சுடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. லயத்துச் சுவரோடு ஒட்டிய கூட்டில் அதைச் செய்யவே கூடாது. ஒரு கூரையில் தீப்பிடித்தால் வரிசையில் உள்ள அத்தனை குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும். அப்படி நின்றவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

கோழியின் உடம்பைக் கோழியே பார்த்துக்கொள்ளும், காய்ந்த மண் இருந்தால். குழி பறித்து, செட்டையை விரித்து, மண்ணை இறகுக்குள் வாரி இறைத்து, சிலிர்த்து உதறும். அந்தத் தூசியில்தான் பேன் உதிர்கிறது. எங்கள் பக்கத்தில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஐப்பசி பிறந்து தை வரைக்கும் வாடை மழை கொட்டும். நமுனுகுல மலை நாட்கணக்கில் மூடிக்கிடக்கும். முற்றம் சேறு, கான் நிறையத் தண்ணீர், ஒரு பிடி காய்ந்த மண் கிடைக்காது. மழைக்கும் மரநாய்க்கும் பயந்து கூட்டைச் சுற்றிச் சாக்கைத் தொங்கவிட்டுக் காற்று வராமல் அடைத்துவிடுவோம். கோழி குளிக்க வழியில்லை. பேனுக்கு இருட்டும் கதகதப்பும் ஒன்றாகக் கிடைக்கிறது. மார்கழியில் முட்டை குறைகிறதற்குக் குளிர் ஒரு காரணம் என்றால் இதுவும் ஒரு காரணம்.

அம்மாயி இதற்கு ஒரு பழைய தேயிலைப் பெட்டியைக் குறுக்கே அறுத்து, இஸ்தோப்பு மூலையில் வைத்திருந்தார். அதில் பாதிக்கு மழைக்கு முன்பே சலித்துக் காயவைத்த மணல்; பாதிக்கு அடுப்புச் சாம்பல். கவ்வாத்து மலையில் பொறுக்கிய மிலாறு எரிந்த சாம்பல் மெதுவாக, மாவாக இருக்கும். மழை நாளில் கோழிகள் முறை வைத்து அந்தப் பெட்டியில் இறங்கிப் புரளும். காஸ் அடுப்பு வந்த பிறகு சாம்பல் இல்லாமல் போனது. 2022இல் காஸ் கிடைக்காமல் எல்லோரும் மறுபடி விறகுக்குப் போனபோது பல வீடுகளில் இந்தப் பெட்டியும் திரும்பி வந்தது. சாம்பல் நனையக்கூடாது, அது ஒன்றுதான் கவனம்; ஈரச் சாம்பல் தோலைப் புண்ணாக்கும்.

விசத்தைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், நாய் உண்ணிக்கு வாங்கிய தூள் இருக்கும். அதை எடுத்துக் கூட்டில் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். 2017இல் ஐரோப்பாவில் நடந்ததை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நெதர்லாந்தில் இதே சிவப்புப் பேனை ஒழிக்கப் பண்ணைகளுக்கு மருந்தடித்த ஒரு நிறுவனம், உணவுக்கான கோழிகளில் பாவிக்கக்கூடாத ஃபிப்ரோனில் என்ற நஞ்சைப் பயன்படுத்தியது. அது முட்டைக்குள் போய்விட்டது. நெதர்லாந்து, பெல்ஜியம், ஜேர்மனி என்று நாடு நாடாக, கோடிக்கணக்கான முட்டைகளைக் கடையிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. அங்கே சோதித்துப் பார்க்க ஆய்வுகூடம் இருந்தது. நம் வீட்டு முட்டையை யாரும் சோதிப்பதில்லை. அவித்த கையோடு பிள்ளைக்குத்தான் கொடுக்கிறோம். மருந்து கட்டாயம் வேண்டுமென்றால் அரச மிருக வைத்தியரிடம் கேட்டு, எத்தனை நாள் முட்டை தின்னக்கூடாது என்பதையும் கேட்டுக்கொண்டு பாவியுங்கள்.

அடைக்கோழியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எழுந்து ஓடாது. குஞ்சு பொரிக்கிற 21 நாளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, இரவில் ஊர்வதற்கெல்லாம் உடம்பைக் கொடுத்துக்கொண்டிருக்கும். நாளில் ஒருமுறை இறங்கித் தின்றுவிட்டுத் திரும்பப் போய் உட்காரும். கடி பொறுக்காமல் அடையைப் பாதியில் விட்டு எழுந்த கோழியை "தாய்ப்பாசம் இல்லாதது" என்று பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. அடையிலேயே செத்துப் போகிற கோழிகளும் உண்டு. அடை வைக்கிற கூடையைப் பழையதாகப் போடாதீர்கள். கொதிதண்ணீர் ஊற்றிக் காயவைத்து, அடியில் சாம்பலும் மணலும் ஒரு விரற்கடை பரப்பி, அதன்மேல் காய்ந்த மானாப்புல்லைப் புதிதாகப் போட்டு வையுங்கள். குஞ்சு பொரித்த அன்றே அந்தப் புல்லை அடுப்பில் போட்டுவிடுங்கள். பிறந்த குஞ்சின் உடம்பில் இருப்பதே கொஞ்சம் இரத்தம்.

பேனோடு சம்பந்தமில்லாத கோளாறுகளும் உண்டு. தோல் முட்டைக்கும் மெல்லிய ஓட்டுக்கும் காரணம் பெரும்பாலும் தீனியில் சுண்ணாம்புச் சத்து குறைவது. ஒரு ஓட்டைக் கட்டக் கோழிக்கு ஏறக்குறைய 20 மணித்தியாலம் பிடிக்கும். தீனியில் சுண்ணாம்பு போதாவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கட்டும். தேயிலை வளர்கிற புளிப்பு மண்ணில் கோழி என்னதான் கிளறினாலும் அது கிடைக்காது. அதற்காகத் தேயிலைக்குப் போடுகிற டொலமைட்டை அள்ளி வந்து வைக்காதீர்கள்; அதிலுள்ள மக்னீசியம் கோழிக்குக் கழிச்சல் உண்டாக்கும். முட்டை ஓட்டை வறுத்து, முட்டை என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் தன் முட்டையைத் தானே உடைத்துத் தின்னப் பழகிவிடும். முட்டை வெளியே வராமல் அடைத்து, கோழி வாலைத் தாழ்த்தி முக்கிக்கொண்டு நின்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு நனைய உட்கார வைத்து, இருட்டான இடத்தில் அமைதியாக விடுங்கள். அமுக்கிப் பிதுக்கினால் உள்ளே உடைந்து செத்துவிடும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகிக் கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தால் அது இராணிக்கெட் நோய். அதற்குத் தடுப்பூசி உண்டு, வந்த பிறகு மருந்து இல்லை.

இவ்வளவையும் பேசும்போது எனக்கு எங்கள் சனங்களின் ஞாபகம் வராமல் இருக்காது. நூறு வருடத்துக்கு முன் தோட்டத்து ஆட்களைச் சோம்பேறிகள் என்றார்கள். மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது, நிறை கொழுந்து எடுக்க மாட்டேன் என்கிறார்கள், முகம் வெளுத்து வீங்கிக் கிடக்கிறார்கள் என்று குறை. 1916இல் ரொக்பெல்லர் அறக்கட்டளையின் ஆட்கள் இலங்கைக்கு வந்து சோதித்தபோது, தோட்டங்களில் பெரும்பாலோரின் குடலில் கொக்கிப்புழு இருந்தது தெரிந்தது. வெறுங்காலில் மிதித்த மண்ணிலிருந்து உள்ளே ஏறி, குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிற புழு. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது; கொஞ்ச நாளில் திரும்பவும் வந்தது. ஏனென்றால் கழிப்பறை இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பம், பின்பக்கம் யன்னல் இல்லாத முதுகோடு முதுகான லயங்கள், காலைக்கடனுக்குத் தேயிலை மலை. இருப்பிடத்தைத் திருத்தாமல் ஆளுக்கு மட்டும் மருந்து கொடுத்ததால் அதே மண்ணும் அதே புழுவும் காத்திருந்தன. உழைப்பால் ஒரு நாட்டுக்கே வருமானம் தந்தவர்களைச் சோம்பேறி என்று எழுதி வைத்த அநியாயம் என் மனதை இன்றும் சுடுகிறது. படுக்கிற இடத்தைப் பார்க்காமல் உடம்பைக் குறை சொல்கிற அந்தப் பழக்கத்தை நாமாவது நம் வாசலில் நிற்கிற சீவனிடம் காட்டக் கூடாது.

இந்தக் கூட்டுப் பேன் மனிதரையும் விடாது. சுவருக்கு அந்தப்பக்கம் கோழி, இந்தப்பக்கம் பாயில் பிள்ளை என்று படுக்கிற வீடுகளில், பிள்ளை இராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு கிடக்கும். சொறி சிரங்கு என்று களிம்பு பூசுவார்கள். கோழியை விற்றுவிட்டால் கடி இன்னும் கூடும்; குடிக்க வேறு இரத்தம் இல்லாமல் அது சுவர் வழியாக உள்ளே வரும். கூரை இறவாரத்தில் மைனாவோ குருவியோ கூடு கட்டி, குஞ்சு பறந்து போன பிறகும் இதே தொல்லை வரும். அந்த வெறுங்கூட்டை அப்புறப்படுத்திவிட வேண்டும்.

இப்போது லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 7 பேர்ச், சில இடங்களில் 10 பேர்ச் காணியில் வீடு எழும்புகிறது. எண்ணிக்கை போதாது, வேகமும் போதாது, என்றாலும் போகிற குடும்பத்துக்கு முதன்முறையாக ஒரு முற்றம் கிடைக்கிறது. வீட்டுத் திட்டம் போடுகிற பொறியியலாளர் கழிப்பறையையும் தண்ணீர்த் தொட்டியையும் குறிப்பார், கோழிக்கூட்டைக் குறிக்க மாட்டார். அதை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரைத் தொடாமல் ஆறேழு அடி தள்ளி, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, காலை வெயில் வாசலில் விழும்படி வையுங்கள். வாடை மழை அடிக்கிற வடகிழக்குப் பக்கத்தை மட்டும் பலகையால் அடைத்து, மற்றப் பக்கங்களுக்கு மரநாய் நுழையாத கம்பிவலை போடுங்கள். காற்று போக வேண்டும். குந்துகிற கம்பை ஆணி அடித்து இறுக்காமல், தூக்கினால் கையோடு வருகிற மாதிரி இரண்டு பக்கமும் காடி வெட்டி வையுங்கள். மூங்கிலை விட, பட்டை உரித்து இழைத்த சவுக்குக் கம்பு நல்லது. ஒளிய இடுக்கு இருக்காது. சாம்பல் பெட்டிக்குக் கூரைக்கு அடியிலேயே ஒரு மூலை விடுங்கள். சந்தையில் வாங்கி வருகிற புதுக்கோழியை நேரே உள்ளே விடாமல், இரண்டு கிழமை வேறு கூடையில் வைத்துப் பின்பக்கத்து இறகை ஊதிப் பாருங்கள். டோர்ச் லைட்டுக்குப் பற்றரி இருக்கட்டும்.